குட்டி பென்ஸ், குட்டி ஜாகுவார்: விலை குறைஞ்ச மாடல் விட்டா பிராண்டு பேர் கெடுமா? (கேள்வி பதில்)

லக்சுரி கார் கம்பெனிங்க விடுற ஆரம்ப மாடல் பத்தி எது வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி கேள்விய எல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன்.

செந்தில், கோவை: அண்ணா, ஒரு காலத்துல பென்ஸ்னா ஊருக்கு ஒரு வீட்ல தான் நிக்கும். இப்ப ஏ கிளாஸ், ஜிஎல்ஏன்னு இஎம்ஐல எடுக்குறாங்க. பென்ஸ் மதிப்பு குறையுதா இல்லையா?

விலை குறைஞ்சதால மட்டும் ஒரு பிராண்டு கெட்டுப்போனதா நான் பார்த்ததில்ல தம்பி. உள்ள இருக்குற சரக்கு வேற ஒரு சாதா காரோடதுன்னு வாங்கினவருக்கு தெரிய வரும்போது தான் பேர் கெடும். பென்ஸையே எடுத்துக்க. 1982 கடைசில 190 மாடல் வந்துச்சு, பேபி பென்ஸ்னு கூப்பிட்டாங்க, அதுக்கு முன்னாடி அந்த காலத்து பென்ஸ் லைனப்ல அவ்ளோ சின்ன செடானே இல்ல. ஆனா அந்த சின்ன காருக்குன்னு அஞ்சு லிங்க் ரியர் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு பின் சக்கரத்தையும் அஞ்சு கம்பி பிடிச்சு நிக்கிற அமைப்பு) புதுசா டிசைன் பண்ணாங்க, அப்புறம் அதே டிசைன் டபிள்யூ124ங்கற பெரிய பென்ஸுக்கும் போச்சு, அதாவது தம்பிக்கு தச்ச சட்டைய அண்ணன் வாங்கி போட்டுக்கிட்டான். 1984ல ஜெர்மனில நியூர்பர்க்ரிங் புது ரேஸ் டிராக் திறந்தப்போ எல்லா டிரைவருக்கும் 190 தான் குடுத்தாங்க, லௌடா, ப்ரோஸ்ட் மாதிரி பெரிய ஃபார்முலா ஒன் டிரைவருங்க எல்லாம் ஓட்டின அந்த ரேஸ்ல சின்னப் பையன் சென்னா ஜெயிச்சார். 1993 வரைக்கும் 18 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, அதோட வாரிசு தான் இன்னிக்கு சி கிளாஸ். இதால பென்ஸ் பேர் கெட்டுச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா?

மீனா, பெங்களூரு: சார், அப்ப நிஜமா பேர் கெட்ட கேஸ் எது?

கேடிலாக் சிமரான் மேடம், அதுக்கு மேல உதாரணமே தேவையில்ல. 1981ல அமெரிக்கால பிஎம்டபிள்யூ மாதிரி சின்ன ஐரோப்பா கார்ங்க பக்கம் இளவயசுக்காரங்க போயிட்டு இருந்தாங்க, கேடிலாக் டீலருங்க எங்களுக்கும் சின்ன கார் வேணும்னு நச்சரிச்சாங்க, புதுசா செய்ய நேரமும் இல்ல காசும் இல்ல, அதனால கேடிலாக்கோட தாய் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் அவங்களோட சாதா கார் செவ்ரோலே கவாலியர எடுத்து, தோல் சீட்டு, ஏசி, கொஞ்சம் குரோம் எல்லாம் சேர்த்து கேடிலாக் லோகோவ ஒட்டி 12 ஆயிரம் டாலருக்கு மேல வித்தாங்க. முதல்ல வந்தது 1.8 லிட்டர் நாலு சிலிண்டர், 88 குதிரைசக்தி. 1914க்கு அப்புறம் கேடிலாக்ல நாலு சிலிண்டர் இஞ்சினே வந்ததில்ல, யோசிச்சு பாருங்க. பக்கத்து ஷோரூம்ல அதே கதவு, அதே கண்ணாடியோட பல ஆயிரம் டாலர் கம்மிக்கு செவ்ரோலே நிக்குது, ஜனங்க பார்க்க மாட்டாங்களா. பின்னாடி வி6 எல்லாம் போட்டு நல்லாத்தான் ஆக்கினாங்க, ஆனா முதல் வருஷத்துல விழுந்த பேர் போகவே இல்ல, 1988ல நிறுத்திட்டாங்க. இத்தனைக்கும் மொத்தம் 1 லட்சத்து 30 ஆயிரம் வண்டி கிட்ட வித்திருக்கு. என்ன கேட்டா வித்தது தான் பிரச்சனையே, ரோட்ல ஓடுற ஒவ்வொரு வண்டியும் கேடிலாக்னா இவ்ளோ தானான்னு சொல்லிட்டே போச்சு.

ரெண்டாவது ஜாகுவார் எக்ஸ் டைப், 2001. அப்ப ஜாகுவார் ஃபோர்டு கையில, அடித்தளம் ஃபோர்டோட சாதா குடும்ப கார் மாண்டியோவோடது, லிவர்பூல் பக்கத்துல ஹேல்வுட் ஃபேக்டரில செஞ்சாங்க. வருஷத்துக்கு 1 லட்சம் விக்கணும்னு கணக்கு, ரொம்ப நல்லா போன வருஷத்துலயே பாதி தான் வந்துச்சு. நான் சிமரான் அளவுக்கு இதை திட்ட மாட்டேன், ஆரம்பத்துல எல்லாமே ஃபோர் வீல் டிரைவ், வி6, நிறைய மாத்தியிருந்தாங்க. ஆனா மாண்டியோல இருந்து வந்ததுன்ற பேச்சு எட்டு வருஷமும் அதை விடல. அப்புறம் செலவ குறைக்க முன் சக்கர டிரைவ், ஃபோர்டு டீசல்னு கொண்டு வந்தப்போ அந்த பேச்சு உண்மையாவே ஆயிடுச்சு.

ஃபாரூக், திருச்சி: சொந்த சரக்கு இருந்தா போதும்னு சொல்றீங்க பாய். டாடா வாங்கினப்புறம் ஜாகுவார் எக்ஸ்இ சொந்த அலுமினிய பிளாட்ஃபார்ம்ல தானே வந்துச்சு, அதுவும் ஓடலயே?

நல்ல இடத்துல புடிச்சீங்க பாய். 2008ல டாடா வாங்கி, 2015ல எக்ஸ்இ வந்துச்சு, ஓட்ட அருமையான கார், ஆனா விக்கல. நான் சொல்றது பேர் கெடுறத பத்தி மட்டும் தான், விற்பனைக்கு அது உத்தரவாதம் கிடையாது. எக்ஸ்இ வந்த நேரம் ஜனங்க செடான விட்டு எஸ்யூவிக்கு போயிட்டாங்க, அடுத்த வருஷமே அவங்களோட சொந்த எஸ்யூவி எஃப் பேஸே அதை ஓரங்கட்டிடுச்சு, எதிர்ல பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வேற. ஆனா எக்ஸ்இ வச்சிருக்கேன்னு சொல்ல யாரும் வெக்கப்படல பாருங்க, அந்த வித்தியாசத்த தான் சொல்றேன். இப்ப ஜாகுவார் கீழ் மாடலே வேணாம்னு எல்லாத்தையும் நிறுத்திட்டு விலை கூடின எலக்ட்ரிக் பக்கம் போறாங்க.

கார்த்திக், ஒரகடம்: அண்ணே, ஏ கிளாஸ் லிமோசின்ல இருக்குற 1.3 டர்போவும் நம்ம ஊர் டஸ்டர்ல வந்த 1.3 டர்போவும் ஒண்ணுன்னு சொல்றாங்களே?

ஒரே குடும்பம் தான் தம்பி. பென்ஸும் ரெனோ நிசானும் சேர்ந்து உருவாக்கின இஞ்சின். 2020ல ஒரகடத்துல செஞ்ச டஸ்டர்ல 156 குதிரைசக்தி, அடுத்த வருஷம் 40 லட்சத்த ஒட்டி வந்த ஏ கிளாஸ் ஏ 200ல 163. கியர்பாக்ஸ், டியூனிங், சத்தம் அடக்குறது எல்லாம் வேற, ஆனாலும் எனக்கு இது உறுத்துது. சேர்ந்து உருவாக்குறது தப்பில்ல, சிமரான் மாதிரி காரையே தூக்கி வைக்கல. ஆனா பென்ஸ் வாங்குறவர் இஞ்சினுக்கு தான் காசு குடுக்குறதா நம்புறார், அந்த இடத்துல கை வைக்காம இருந்திருக்கலாம்.

ராஜி, சிங்கப்பூர்: ஏற்கனவே பெரிய மாடல் வச்சிருக்கவங்க கோவப்படுவாங்களா?

ரொம்ப. 1999ல ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்ல பிஎம்டபிள்யூ மாதிரி பேர்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. சாதாரணமா ஒரு பிராண்டு புதுசா எது விட்டாலும் அந்த பிராண்ட வச்சிருக்கவங்க தான் முதல்ல கை தட்டுவாங்க, ஆனா கௌரவ பிராண்டு கீழ இறங்கினா மட்டும் அவங்களுக்கு பிடிக்கிறதில்லன்னு அதுல பார்த்தாங்க. பிராண்டு பேரோட கூட ஒரு துணைப்பேர் வச்சா பாதிப்பு குறையுதுன்னும் சொன்னாங்க. பிஎம்டபிள்யூ குட்டி கார மினின்னு தனி பிராண்டா வித்தது நல்ல வேலை.

கோவம்னா போர்ஷே கதை தான். தொண்ணூறுகள் ஆரம்பத்துல கம்பெனி கஷ்டத்துல இருந்துச்சு, 1996ல விலை குறைஞ்ச மாடலா வந்த பாக்ஸ்டர் தான் தூக்கி நிறுத்துச்சு. ஆனா செலவ மிச்சம் பண்ண அதோட முன்பக்கத்தையே அடுத்து வந்த அவங்களோட பேர் போன பெரிய மாடல் 911க்கும் வச்சுட்டாங்க. அவ்ளோ காசு குடுத்து 911 வாங்கினவர் எதிர்ல வந்தா இது பாக்ஸ்டரா 911ஆன்னு தெரியல. ஹெட்லைட்ட பத்தி அப்படி திட்டு வாங்கினாங்க, 2002ல மாத்தியே ஆகவேண்டியதா போச்சு. பாக்ஸ்டர் பேர் கெடல, பெரியவன் பேர் தான் அடிபட்டுச்சு.

விக்னேஷ், மதுரை: ஆஸ்டன் மார்ட்டின் குட்டி கார் விட்டது உண்மையா?

உண்மை தான், ஸ்போர்ட்ஸ் காருக்கு பேர் போன கம்பெனி விட்ட குட்டி கார், பேர் சிக்னெட், 2011. டொயோட்டாவோட குட்டி கார் ஐக்யூவ வாங்கி தோல் வேலை பண்ணி, கிட்டத்தட்ட மூணு மடங்கு விலை வச்சாங்க. ஐரோப்பா புகை விதிக்காக கம்பெனி விக்கிற எல்லா காரோட சராசரி புகைய இறக்குறது தான் முக்கிய காரணம். 2013லயே மூடிட்டாங்க. எண்ணிக்கை ரொம்ப கம்மிங்கறதால தப்பிச்சாங்க.

தமிழ்ச்செல்வி, சேலம்: உடனே தெரியாம, பல வருஷம் கழிச்சு பாதிப்பு வருமா?

வரும் மேடம், அது தான் எனக்கு ரொம்ப பயமான விஷயம். பேக்கார்ட்னு அமெரிக்கால ஒரு கம்பெனி, முப்பதுகள்ல கேடிலாக்குக்கு மேலயே மரியாதை. பொருளாதார மந்தத்துல சாகுற நிலைமை, 1935ல 1000 டாலர் பக்கம் 120ன்னு ஒரு மாடல் விட்டாங்க, அடுத்து 1937ல இன்னும் கம்மில ஒண்ணு. அந்த வருஷம் 1 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, கம்பெனி பொழச்சுது. நல்ல காரும் கூட. ஆனா மேல இருக்குற மாடல்ங்க மேல கவனம் குறைஞ்சுட்டே போச்சு, போர் முடிஞ்சப்புறம் பணக்காரங்க கேடிலாக் பக்கம் போயிட்டாங்க, 1954ல ஸ்டூடிபேக்கரோட சேர்ந்து, 1958ல பேரே முடிஞ்சுது. 120 விட்டது தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன், விடலன்னா 1936லயே செத்திருக்கும். வந்த காச மேல் மாடலுக்கு போடாதது தான் தப்பு.

அருண், சென்னை: நம்ம ஊர்ல இதெல்லாம் எப்படி வேலை செய்யுது சார்?

2010 கடைசில பிஎம்டபிள்யூ எக்ஸ்1 22 லட்சத்துல வந்துச்சு, நம்ம செங்கல்பட்டு பக்கத்து ஃபேக்டரில அசெம்பிள் பண்ணது. அந்த விலை மார்க்கெட்டையே புரட்டிப் போட்டுச்சு. அடுத்து ஆடி, 2013ல 10 ஆயிரம் தாண்டி முதலிடம் புடிச்சாங்க. அப்ப எல்லா ஷோரூம்லயும் தள்ளுபடி, பைபேக் (பின்னாடி வண்டிய அவங்களே திரும்ப வாங்கிக்கிறது), கம்மி இஎம்ஐன்னு ஒரே போட்டி. மாடல் விலைய விட தள்ளுபடி தான் பிராண்ட அரிக்கும், போன மாசம் முழு விலை குடுத்தவர் இந்த மாசம் பக்கத்து வீட்டுக்காரர் கம்மிக்கு வாங்கினத கேட்டா அந்த ஷோரூம் பக்கமே திரும்ப மாட்டார். ஆடி பின்னாடி இறங்கினதுக்கு டீசல விட்டது, வண்டி சப்ளைன்னு வேற காரணமும் இருக்கு, எல்லாத்தையும் தள்ளுபடி தலைல கட்ட மாட்டேன். பென்ஸ் இன்னொரு வழில போனாங்க, 2022ல உலக அளவுல சின்ன கார் வகைகள ஏழுல இருந்து நாலா குறைக்கிறோம்னு அறிவிச்சு மேல் மாடல்ங்கள முன்னாடி தள்ளினாங்க.

ஜெகன், ஈரோடு: அண்ணா, 45 லட்சம் வச்சிருக்கேன். புது ஏ கிளாஸா, ரெண்டு மூணு வருஷம் ஓடின சி கிளாஸா?

அப்பா அம்மா பின் சீட்டுல வருவாங்கன்னா சி கிளாஸ் எடு தம்பி. நம்ம ஊர்ல முதலாளி பின்னாடி உக்காருற பழக்கம், ஏ கிளாஸ் பின் சீட்டு அதுக்காக செஞ்சது இல்ல, கால் தூக்கினாப்ல தான் உக்காரணும். சி கிளாஸ் பின் சக்கர டிரைவ், பென்ஸோட நடைய அதுல தான் உணர்வ. சர்வீஸ் ஹிஸ்டரி முழுசா வாங்கி பாரு, எக்ஸ்டெண்டட் வாரண்டி பாக்கி இருக்கான்னு கேளு, அது இல்லன்னா வேற வண்டி தேடு.