படுக்கையைப் பிடியுங்கள், பயிற்சி அப்புறம்

கேள்வி: அடுத்த ஜூலையில் நானும் கணவரும் மோன் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் பாதையில், குடில் குடிலாகத் தங்கி நடக்கலாம் என்றிருக்கிறோம். எனக்கு வயது 48. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: குடில்களில் படுக்கை பதிவதிலிருந்து தொடங்குங்கள். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு வரும் அந்தப் பாதை சுமார் 170 கி.மீ. மலைக்குடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். நடுவில் ஒரு ராத்திரிக்கு இடம் கிடைக்காவிட்டால் இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் நடக்க வேண்டிவரும். எல்லா இரவுக்கும் இடம் பிடித்த பிறகு விசா. மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பது நல்லதுதான், ஆனால் போதாது. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதால் ஏறிய அத்தனையையும் இறங்கியாக வேண்டும். எல்லாரும் ஏற்றத்தைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். இறங்கும்போதோ முன்தொடைத் தசை எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அதில்தான் தசை நொந்துபோகும். வலியும் உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஒரு முறை இப்படி நொந்து பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு நோகாது. அந்தப் பலன் சில வாரங்கள் நிற்கும். எனவே முதுகுப்பையோடு மாடிப்படி ஏறி, இறங்கவும் செய்யுங்கள். பலர் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கி வருகிறார்கள். பாதிப் பயிற்சி லிஃப்டோடு போகிறது! கடைசி மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் நீண்ட நடை போய்ப் பாருங்கள். களைத்த காலோடு நடப்பது தனிக் கலை.

கூடாரம், அடுப்பு எதுவும் வேண்டாம் என்பதால் தண்ணீரையும் சேர்த்து எட்டு கிலோவுக்குள் பையை நிறுத்திவிடலாம். கம்பளி குடிலில் இருக்கும். உள்ளே நுழைந்து படுக்க மெல்லிய துணி உறை நீங்கள் கொண்டுபோக வேண்டும். காதடைப்பானும் கட்டாயம். உங்கள் கணவர் குறட்டை விடுவாரா என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் சேர்ந்து படுக்கும் கூடத்தில் யாராவது விடுவார்கள்.

போகாமல் நின்றுவிட்டால் குடிலுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். ஆள் வரவில்லை என்றால் மலையில் மாட்டிக்கொண்டார்களோ என்று கவலைப்படுவார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், இடம் பதியும்போதே சொல்லிவிட்டால். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சமையல். அங்கே போய் நின்று சொன்னால் சமையற்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. சீஸ் நிறைய வரும். பிடிக்காதென்றால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.