டிசி வாங்காமலே இணையவழிப் படிப்பு: அரசுப் பள்ளிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கேள்வி பதில்

இணையவழிப் படிப்புன்னு ஒரே பேர்ல ரெண்டு சமாச்சாரம் நடக்குது. பள்ளிக்கூடம் போய்க்கிட்டே கூடுதலாப் படிக்கறது ஒண்ணு. பள்ளிக்கூடத்துக்குப் பதிலாப் படிக்கறது இன்னொண்ணு. வந்த கேள்விகள்ல பாதி இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டதால வந்தது. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

காங்கயம், பிளஸ் 1 மாணவியின் அம்மா: ஏனுங்க, பொண்ணு ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் சேரோணும்ங்கறா. அதுக்குப் பள்ளிக்கூடத்துல டிசி வாங்கோணுங்களா?

வேண்டவே வேண்டாமுங்க. ஸ்வயம் (மத்திய அரசோட இணையவழிப் பாடத் தளம்), என்பிடெல் (ஐஐடி பேராசிரியருங்க பாடங்கள்), தீக்ஷா (பள்ளிப் பாடச் செயலி), மணற்கேணி (நம்ம மாநிலப் பாடச் செயலி) எதுவுமே டிசி கேக்காது. பள்ளிக்கூடப் பதிவேட்டுல பேர் இருக்கறபடியே இருக்கும். சாயங்காலமோ ஞாயித்துக்கிழமையோ கூடவே படிச்சுக்கலாம்.

"எங்ககிட்ட சேருங்க, டிசி வாங்கிட்டு வந்துருங்க"ன்னு யாராவது சொன்னா அங்கயே நில்லுங்க. மருத்துவம், பொறியியல் மாதிரி தொழிற்படிப்புல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. அதுக்கு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் எங்க படிச்சாங்கன்னு பார்ப்பாங்க. காலேஜ் போனதும் மாசம் ₹1,000 வர்ற புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட்ல நம்ம கோயமுத்தூர்லயே தொடங்கின தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே வகுப்புகளைத்தான் பார்க்கும். நடுவுல ஒரு வருசம் பேரை எடுத்துட்டா அத்தனையும் கேள்விக்குறி ஆயிரும். ஒரு சான்றிதழுக்காக அதை விட்டுறாதீங்க.

அந்தியூர், பிளஸ் 1 மாணவர்: ஸ்வயம்ல சேர்றதுக்கு என்னென்ன பண்ணணும்? நான் பயோ மேத்ஸ்.

தம்பி, முதல்ல உன் பேர்ல ஒரு ஜிமெயில் வேணும். அப்பா பேர்லயோ அண்ணன் பேர்லயோ இருக்கறது ஆகாது. பிறந்த தேதியை உள்ளபடி போடு. வருசத்தை மாத்திப் போட்டா, பின்னாடி கூகுள் வயசுக்கு ஆதாரம் கேட்டுக் கணக்கை முடக்கும்போது கையைப் பிசைய வேண்டி வரும்.

அடுத்தது ஸ்வயம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துக்குப் போய் பதிவு பண்ணு. உள்ள போனதும் சுயவிவரப் பக்கத்தை நிரப்பிட்டு அப்புறமாப் பாடத்தைத் தேடு. பள்ளி வகுப்புப் பாடங்களை என்சிஇஆர்டியும் (மத்தியப் பாடநூல் தயாரிக்கற அமைப்பு) என்ஐஓஎஸ்ஸும் (மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி) குடுக்கறாங்க. பாடத்தோட பக்கத்துல தொடக்கத் தேதி, முடியற தேதி, சேர்றதுக்குக் கடைசித் தேதி மூணும் இருக்கும். மூணையும் நோட்டுல எழுதிட்டு, சேர்ற பொத்தானை அழுத்தி, அந்தப் பாடம் உன் பட்டியலுக்கு வந்துருச்சான்னு பாரு. நிறையப் பேர் பதிவு பண்ணினதோட "சேர்ந்துட்டேன்"னு நினைச்சுக்கறாங்க. தளத்துல பதிவு பண்றது வேற, பாடத்துல சேர்றது வேற.

பாடம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும், என்சிஇஆர்டி வரிசையில போகும். நம்ம புத்தகத்துல தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி. அங்க ரெண்டும் ஒரே உயிரியல். அதனால வாரா வாரம் பள்ளிக்கூடத்துல நடத்தறதோட ஒத்துப்போகாது. நீட் எழுதற எண்ணம் இருந்தா நல்ல உதவி. பொதுத்தேர்வு மார்க்குக்கு மட்டும்னா நம்ம புத்தகமும் மணற்கேணியும் போதும்னுதான் நான் சொல்வேன். 2023ல தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட செயலி அது. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாநிலப் பாடத்திட்டப்படியே, தமிழ்லயும் இருக்கு, காசு கிடையாது.

பெருந்துறை, மாணவரின் அப்பா: படிவத்துல கடைசிப் பேர்னு கேக்குதுங்க. நமக்கு இனிஷியல்தானுங்களே, அங்க என்ன போடறது?

முக்கியமான கேள்விங்க. சான்றிதழ் வீணாப் போறதுக்கு முதல் காரணமே இதுதான். பத்தாவது மதிப்பெண் சான்றிதழை எடுத்து முன்னாடி வெச்சுக்குங்க. அதுல இனிஷியல் ஓரெழுத்தா இருந்தா அந்த ஓரெழுத்தையே கடைசிப் பேர்ல போடுங்க. ஆதார்ல உங்க முழுப்பேரும் சேர்ந்திருந்து பத்தாவது சான்றிதழ்ல இனிஷியல் மட்டும் இருந்தா, பத்தாவது சான்றிதழையே பின்பற்றுங்க. பின்னாடி காலேஜ்ல எல்லாத்தையும் அதோட வெச்சுத்தான் ஒப்பிடுவாங்க. இன்னும் பத்தாவது எழுதாத பிள்ளைன்னா, பள்ளியில எமிஸ்ல (கல்வித்துறையோட இணைய மாணவர் பதிவேடு) பேர் எப்படி இருக்குன்னு வகுப்பாசிரியர்கிட்ட கேட்டு, அதே எழுத்துக்கூட்டல்ல போடுங்க. தப்பா இருந்தா எமிஸ்லயே முதல்ல திருத்தச் சொல்லிருங்க.

கோபி, கணினி ஆசிரியை: ஹைடெக் லேப்ல 32 பிள்ளைகளுக்கு ஒரே நாள்ல ஜிமெயில் போட்டுக் குடுக்கப் பார்த்தேன். எட்டாவது கணக்கோட நின்னுருச்சு. என்ன பண்றது?

டீச்சருங்க, ஒரே இணைப்புல, ஒரே கைபேசி எண்ணை வெச்சு வரிசையாக் கணக்கு திறந்தா கூகுள் சந்தேகப்பட்டு நிறுத்திரும். லேப்ல கணக்கு திறக்காதீங்க. நாலஞ்சு நாளைக்கு முன்னாடியே, வீட்டுல அம்மா அப்பா போன்ல, அவங்க எண்ணுக்கு வர்ற ஓடிபியை வெச்சுத் திறந்துட்டு வரச் சொல்லுங்க. 13 வயசு ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் கணக்கோட இணைச்சுத்தான் திறக்க முடியும். அதையும் சொல்லி அனுப்புங்க. லேப்ல உள்நுழையற வேலையை மட்டும் வெச்சுக்குங்க, அதுவும் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சன்னல்ல. வெளியேறாம எந்திரிச்சுப் போனா அடுத்த பிள்ளையோட ஒப்படைப்பு (அசைன்மென்ட்) முந்தின பிள்ளை கணக்குல போய் விழும்.

இன்னொண்ணு, கடவுச்சொல் மறந்தா கணக்கைத் திரும்ப எடுக்க உதவற மீட்பு எண். பனியன் கம்பெனி, தறிப்பட்டறைன்னு வேலை மாத்தறவங்க சிம்மையும் சட்டுனு மாத்திருவாங்க. எண் போச்சுன்னா கணக்கும் போச்சு. அம்மா எண், மாமா எண்ணு ரெண்டு சேர்த்து வைங்க. கடவுச்சொல்லைப் பிள்ளை நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வீட்டுல வெச்சுக்கட்டும்.

எல்லாருக்கும் பொதுவா பள்ளிக்கூடத்து மின்னஞ்சல் ஒண்ணையே போடறது மட்டும் கூடாதுங்க. ஒரு மின்னஞ்சல்னா தளத்துக்கு ஒரே ஆள்தான்.

தாளவாடி மலைப்பகுதி, ஆசிரியர்: டவர் ஒரு கோடு வந்தாப் பெரிசு. எங்க பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஆகுமா?

ஆகும் சார், ஆனா நேரலை வகுப்பு எதையும் எடுக்காதீங்க. முன்பே பதிவு பண்ணின காணொளியா இருக்கற பாடத்தை மட்டும் எடுங்க. தீக்ஷா செயலியில பாடத்தை இறக்கி வெச்சுட்டா அப்புறம் இணையம் இல்லாமலே ஓடும். சத்தியமங்கலம் இறங்கற நாள்ல ஒரு போன்ல மொத்தமா இறக்கிட்டு வந்தாலும் சரி. தீக்ஷாவை முதல்ல திறக்கும்போது கல்வி வாரியம்னு கேக்கும். அங்க தமிழ்நாடு மாநில வாரியத்தையும், பயிற்று மொழியில தமிழையும் எடுங்க. நிறையப் பேர் சிபிஎஸ்இ-யை அழுத்திட்டு "நம்ம பாடம் இல்லை"ன்னு திரும்பிர்றாங்க. நம்ம புத்தகத்துல இருக்கற கியூஆர் கட்டத்தை அந்தச் செயலிக்குள்ளயே காட்டினா நேராப் பாடத்துக்கே போயிரும்.

ஒப்படைப்புக்கு இணையம் கட்டாயம் வேணும். ஆனா அது சில கேபி சமாச்சாரம்தான், ஒரு கோடு டவர்லயும் போகும். கேள்வியைப் படம் பிடிச்சுட்டு வந்து, விடையைத் தாள்ல போட்டுப் பார்த்துட்டு, டவர் கிடைக்கற மேட்டுக்குப் போய் அனுப்பிரலாம். கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிரச் சொல்லுங்க.

பல்லடம், பத்தாவது மாணவியின் அம்மா: போன் ஒண்ணுதானுங்க. அவங்கப்பா தறிக்குப் போயிட்டு ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் வருவாரு. நெட் எவ்வளவு ஆகும்?

காணொளி 360பி தரத்துல ஓடினா ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி. 720பி-ல விட்டா ஒரு ஜிபி-யைத் தாண்டிரும். தரத்தை முதல் நாளே குறைச்சு வெச்சுருங்க. வாரத்துக்கு மூணு மணி நேரக் காணொளி இருக்கற பாடம்னா ஒரு ஜிபி-க்குள்ள முடிஞ்சுரும். தினசரி 1.5 ஜிபி பேக் தாராளமாப் போதும்.

நேரந்தான் உங்களுக்குப் பிரச்சினை. ராத்திரி ஒம்பதரைக்கு மேல பொண்ணைப் படிக்க வெக்கறதை விட, மதிய இடைவேளையிலயோ சாயங்காலம் ஒரு முக்கால் மணி நேரமோ ஹைடெக் லேப்ல உக்கார வெக்க முடியுமான்னு தலைமையாசிரியர்கிட்டக் கேளுங்க. லேப் பாதி நேரம் சும்மாத்தான் இருக்கும், கேட்டாத்தான் திறப்பாங்க. பத்தாவதுல ஒரே ஒரு பாடம் போதும், ரெண்டு எடுக்காதீங்க.

உடுமலை, பிளஸ் 1 மாணவி: என்பிடெல் சான்றிதழுக்கு ஆயிரம் ரூபாய்ங்கறாங்க. எங்களை மாதிரி பள்ளிப் பிள்ளைங்க எழுதலாமா?

எழுதலாம் கண்ணு, வகுப்புத் தடை ஏதும் இல்லை. ஐஐடி பேராசிரியருங்க நடத்தற கல்லூரித் தரப் பாடம், அதனால 4 வாரம் இல்லை 8 வாரப் பாடமா, அறிமுக நிலையில ஒண்ணைப் பார்த்து எடு. படிக்கறது இலவசம். தேர்வு எழுதினாத்தான் ₹1,000, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி.

மார்க் கணக்கைப் புரிஞ்சுக்க. வார ஒப்படைப்புக்கு 25, நேர்ல போய் எழுதற தேர்வுக்கு 75. ஒப்படைப்புல 25க்கு 10ம், தேர்வுல 75க்கு 30ம், ரெண்டும் தனித்தனியா வந்தாத்தான் சான்றிதழ். தேர்வுல 70 எடுத்து ஒப்படைப்புல 8 எடுத்தா கிடைக்காது. 4 வாரத்துல நல்ல 3, 8 வாரத்துல நல்ல 6, 12 வாரத்துல நல்ல 8 ஒப்படைப்பை எடுத்துக்குவாங்க. பெரும்பாலும் புதன்கிழமை ராத்திரி 11.59 கடைசி. எத்தனை தடவை வேணாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியா அனுப்பினதுதான் கணக்கு. விடையைத் தொட்டுட்டு அனுப்பற பொத்தானை அழுத்தாம விட்டா பூஜ்யம்.

தேர்வுக்குத் தனிப் படிவம் உண்டு, அதுக்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. பாடத்துல சேர்ந்த அதே மின்னஞ்சல்ல அந்தப் படிவத்தைப் போடணும். வேற மின்னஞ்சல்ல போட்டா ஒப்படைப்பு மார்க் வந்து சேராது. தேர்வன்னைக்கு ஹால் டிக்கெட்டோட ஒரிஜினல் அடையாள அட்டையும் எடுத்துட்டுப் போ, நகல் செல்லாது.

ஜனவரில தொடங்கற பருவத்தை விட ஜூலைல தொடங்கறதுதான் உங்களுக்குத் தோது. அந்தப் பருவத்துல சேர்றதுக்கு முன்னாடி, தேர்வுத் தேதி காலாண்டுத் தேர்வு மேல விழுதான்னு பார்த்துக்க.

பிளஸ் 2 மார்க்ல இது சேராது. காசு கஷ்டமா இருந்தா தேர்வை விட்டுட்டுப் பாடத்தை மட்டும் படி. கத்துக்கிட்டது கத்துக்கிட்டதுதான்.

பொள்ளாச்சி, பிளஸ் 2 மாணவரின் அண்ணன்: ஜேஇஇ எழுதாமலே சென்னை ஐஐடி பட்டம் வீட்டுல இருந்தே படிக்கலாமாமே, நெசமுங்களா?

நெசந்தானுங்க. சென்னை ஐஐடி 2020ல தொடங்கின பிஎஸ் தரவு அறிவியல் பட்டம் அது. 2023ல மின்னணு அமைப்புகள் பட்டமும் வந்துச்சு. பிளஸ் 1 இறுதித் தேர்வு எழுதின பிள்ளையே விண்ணப்பிக்கலாம், பிளஸ் 2 பாஸ் பண்ணினதும் சேர்ந்துக்கலாம். விண்ணப்பிச்சதும் நாலு வாரம் பாடம் வரும். தரவு அறிவியலுக்குக் கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, இங்கிலீஷ். வார ஒப்படைப்புல அவங்க கேக்கற சராசரி வந்தாத்தான் தகுதித் தேர்வு எழுத விடுவாங்க. அந்தத் தேர்வை மையத்துக்கு நேர்ல போய்த்தான் எழுதணும். மின்னணு அமைப்புகளுக்குப் பிளஸ் 2ல இயற்பியலும் கணிதமும் கட்டாயம்.

இங்கிலீஷ் பயத்துல பின்வாங்க வேண்டாம். தடுக்கி விழறது பெரும்பாலும் புள்ளியியல்லதான், அதை முதல் வாரமே விடாமப் பிடிக்கச் சொல்லுங்க. பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்துக் கட்டணத்துல 75 சதவீதம் வரைக்கும் சலுகை உண்டு. அதுக்கான வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்துல முன்கூட்டியே வாங்கி வைங்க. பக்கத்துக் காலேஜ்ல வேற பட்டம் படிச்சுக்கிட்டே இதையும் படிக்கலாம்.

பவானி, தலைமையாசிரியர்: பள்ளி மூலமாகச் சேர்க்கக் கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்குங்க ஐயா. சென்னை ஐஐடி பள்ளிகளுக்காக நடத்தற 8 வாரச் சான்றிதழ் படிப்புகள், தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும், மின்னணு அமைப்புகள் மாதிரி. மாணவர் தனியாச் சேர முடியாது. பள்ளி முதல்ல பங்குதாரராப் பதிவு பண்ணணும், ஓர் ஆசிரியரை ஒருங்கிணைப்பாளரா நியமிக்கணும், அப்புறம்தான் பிள்ளைகளுக்குப் படிவம் திறக்கும். ஒரு பிள்ளைக்கு ₹500. பள்ளியோட 11 இலக்க யுடைஸ் எண்ணை (பள்ளி அடையாள எண்) கையில வெச்சுக்குங்க. இதுல தாமதமாகறது எல்லாம் பள்ளிப் பதிவுலதான், பிள்ளைகள்கிட்ட அறிவிக்கறதுக்கு முன்னாடியே அதை முடிச்சுருங்க.

திருப்பூர், பனியன் கம்பெனி ஊழியர்: அக்கா பையன் ஒம்பதாவதோட நின்னுட்டான், வயசு 16. வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல பத்தாவது முடிக்கலாமுங்களா?

இதுதான் முன்னாடி சொன்ன ரெண்டாவது வகை, பள்ளிக்குப் பதிலாப் படிக்கறது. முதல்ல ஒரு தடவை பழைய பள்ளிக்கூடத்துக்கே போய்த் தலைமையாசிரியரைப் பாருங்க. திரும்பச் சேர்த்துக்க வழி இருக்கும், சலுகைகளும் தப்பிக்கும். 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளைன்னா எந்த மாசம் போனாலும் பள்ளி சேர்த்தே ஆகணும், அது சட்டம்.

அது ஆகவே ஆகாதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு, தனித்தேர்வரா நம்ம மாநிலப் பத்தாவது. அரசுத் தேர்வுகள் சேவை மையத்துல விண்ணப்பிக்கணும். நேரடியா எழுதறவங்க அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பேர் குடுத்து வகுப்புக்குப் போயிருக்கணும். இதைத் தெரியாமத் தேர்வு நேரத்துல போய் நின்னு திரும்பினவங்க அதிகம். ரெண்டாவது, மத்திய அரசோட என்ஐஓஎஸ். பதிவு இணையத்துல, பாடமும் இணையத்துல கிடைக்கும், தேர்வு மட்டும் நேர்ல. அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும். பதிவு அஞ்சு வருசம் செல்லும், ஒவ்வொரு பாடமா எழுதலாம். ஷிப்ட் வேலைக்கு அது தோது.

இந்த ரெண்டும் இல்லாம "மூணே மாசத்துல பத்தாவது, தேர்வே வேண்டாம்"னு போர்டு வெச்சிருக்கறவங்ககிட்டப் பணம் கட்டாதீங்க. அந்தச் சான்றிதழ் எங்கயும் செல்லாது.

தாராபுரம், மாணவியின் அப்பா: வாட்ஸ்அப்ல லிங்க் வந்துச்சு, தீக்ஷாவுல சேர ₹99 கட்டச் சொல்லுது.

கட்டாதீங்க. தீக்ஷாவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க. செயலியைப் பிளே ஸ்டோர்லயே தேடி எடுங்க.

வால்பாறை, பிளஸ் 1 மாணவி: பாடம் ஆரம்பிச்சுப் பத்து நாள் ஆயிருச்சு. இனிச் சேர முடியுமா?

பாடத்தோட பக்கத்துல சேர்றதுக்குக் கடைசித் தேதி தாண்டலைன்னா இப்பவே சேரு கண்ணு. என்பிடெல்ல 4 வாரப் பாடத்துல ஒண்ணு, 8 வாரப் பாடத்துல ரெண்டு ஒப்படைப்பு விட்டுப்போனாலும் நல்லதை மட்டுந்தான் எடுப்பாங்கறதால பயமில்லை. முதல் வாரக் காணொளியை இந்தச் சனிக்கிழமை முடிச்சுட்டு, புதன்கிழமைக்கு முன்னாடி ரெண்டாவது வார ஒப்படைப்பை அனுப்பிரு. தேதி தாண்டியிருந்தா அடுத்த பருவத்துத் தொடக்கத் தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வை. அதுவரைக்கும் மணற்கேணியில இதே தலைப்பைத் தமிழ்ல பார்த்துக்க.