பதினொரு பெயர், ஒரே அணி: சைக்கிள் பந்தயம் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் பழைய முடிவுகளைப் புரட்டினால் ரபோபேங்க், பெல்கின், ஜம்போ-விஸ்மா, விஸ்மா–லீஸ் எ பைக் என்று வெவ்வேறு பெயர்கள் வருகின்றன. எல்லாம் ஒரே நெதர்லாந்து அணிதான் என்கிறார்களே, எப்படி?

பதில்: ஒரே அணிதான். சாலைப் பந்தயத்தில் டிக்கெட் வசூல் கிடையாது. ஒளிபரப்பு உரிமைப் பணமும் பந்தயத்தை நடத்துபவர்களுக்கே போகிறது. அணியின் செலவில் பெரும்பகுதியைச் சுமப்பது ஸ்பான்சர்தான். அதனால் பணம் யாருடையதோ அவர் பெயரே அணிக்கும். ஸ்பான்சர் விலகினால் அணி கலையலாம். நிர்வாகி கெட்டிக்காரராக இருந்தால் புதுப் பெயரில் தொடரும்.

முதன்மைப் பெயர்களை மட்டும் சொன்னால் வரிசை இது: 1984-இல் குவாண்டம், 1987-இல் சூப்பர்கான்ஃபெக்ஸ், 1990-இல் பக்லர், 1993-இல் வேர்ட்பெர்ஃபெக்ட், 1995-இல் நாவெல், 1996 முதல் 2012 வரை ரபோபேங்க், 2013-இல் முதலில் பிளாங்கோ, ஆண்டின் நடுவில் பெல்கின், 2015-இல் லோட்டோ என்எல்-ஜம்போ, 2019-இல் ஜம்போ-விஸ்மா, 2024 முதல் விஸ்மா–லீஸ் எ பைக். இதில் நாவெல் வந்த விதம் தனி. வேர்ட்பெர்ஃபெக்ட் மென்பொருள் நிறுவனத்தை 1994-இல் நாவெல் வாங்கியது; அடுத்த ஆண்டு ஜெர்சியில் பெயர் மாறிவிட்டது.

கேள்வி: ஓர் அணி இன்னோர் அணியின் தொடர்ச்சியா, புதிதா என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: ஜெர்சியின் நிறத்தையும் சைக்கிள் பிராண்டையும் நம்பாதீர்கள், இரண்டும் ஒப்பந்தத்தோடு மாறுபவை. இந்த அணியே கொல்னாகோ, ஜயன்ட், பியாங்கி, செர்வேலோ என்று வண்டி மாற்றியிருக்கிறது. ஒரு பருவத்தின் கடைசி வீரர் பட்டியலையும் அடுத்த ஜனவரிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அதே பெயர்கள் இருந்தால் அடுத்து நிர்வாகியையும், காரில் பின்தொடரும் இயக்குநர்களையும், மெக்கானிக்குகளையும் பாருங்கள். கடைசியாக, உரிமம் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வீரர்களுக்கு ஒப்பந்தப்படி கடன்பட்டிருப்பது அந்த நிறுவனம்தான், ஸ்பான்சர் அல்ல.

இந்தச் சோதனை தடுமாறும் இடம், அணி இரண்டாகப் பிரியும்போது. பீட்டர் போஸ்ட் நடத்திய டிஐ-ராலி அணி 1983 இறுதியில் அப்படித்தான் உடைந்தது. ஒரு பகுதி போஸ்டுடன் பானசோனிக்காகப் போனது. அணியின் வீரர் யான் ராஸுடன் வந்தவர்கள் குவாண்டம் ஆனார்கள். எனவே ராலியின் வெற்றிகளை, 1980-இல் யோப் சூட்டமெல்க் வென்ற டூர் உட்பட, இந்த அணியின் கணக்கில் சேர்ப்பது சரியல்ல. கணக்கு 1984-இல் தொடங்க வேண்டும். அதே சூட்டமெல்க் 1985-இல் தம் 38 வயதில் குவாண்டம் வீரராக உலக சாம்பியன் ஆனார். அது தாராளமாக இந்த அணிக்குச் சேரும்.

கேள்வி: 2007 டூரில் மஞ்சள் ஜெர்சியில், அதாவது மொத்த நேரத்தில் முன்னிலையில், இருந்த வீரரைச் சொந்த அணியே வெளியேற்றியதா?

பதில்: ஆம். டென்மார்க்கின் மைக்கேல் ராஸ்முசென். ஓபிஸ்க் மலை உச்சியில் 16-ஆம் கட்டத்தை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்ற அதே இரவில் ரபோபேங்க் அவரை நீக்கியது. ஊக்கமருந்துச் சோதனைக்காக, எங்கே இருக்கிறோம் என்பதை வீரர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் மெக்சிகோ என்று சொல்லியிருந்த நாள்களில் இத்தாலியில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2013-இல் அவரே ஒப்புக்கொண்டார்.

கேள்வி: ரபோபேங்க் வங்கி விலகிய பிறகும் அணி எப்படிப் பிழைத்தது?

பதில்: அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்துப் பயன்பாடு பற்றிய அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை 2012 அக்டோபரில் வெளிவந்தது. சில நாள்களிலேயே ரபோபேங்க் விலகலை அறிவித்தது. ஆனால் ஒப்பந்தப் பணத்தை நிறுத்தவில்லை. தன் பெயர் வேண்டாம் என்றது. அதனால்தான் 2013-இன் முதல் பாதியில் எந்த நிறுவனத்தையும் குறிக்காத பிளாங்கோ என்ற பெயர். ரிச்சர்ட் பிளுகே தலைமையிலான நிர்வாகத்துக்கு அந்த அவகாசம் கிடைத்தது. டூருக்குச் சற்று முன் பெல்கின் வந்தது. பணம் அதே நாளில் நின்றிருந்தால் வீரர்கள் வேறு அணிகளுக்குப் போயிருப்பார்கள், வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். பிறகு கையில் இருந்த பணத்துக்கு ஏற்ற ஆள்களைத் தேடினார்கள். 2016-இல் சேர்ந்த பிரிமோஸ் ரோக்லிச், அதற்கு முன் பனிச்சறுக்குத் தாவல் வீரர்!

கேள்வி: 2020 டூரில் ரோக்லிச் கடைசி நேரத்தில் தோற்றது அணியின் தவறா?

பதில்: முழுக்க அல்ல. கடைசிக்கு முந்தைய நாள், 36.2 கிலோமீட்டர் டைம் ட்ரயல், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம். ரோக்லிச் 57 விநாடி முன்னிலை. டைம் ட்ரயலில் முன்னே இழுத்துக் காற்றைத் தடுக்க சக வீரர் கிடையாது. மூன்று வாரம் அணி கட்டிக் காத்த பலம் அன்றைக்கு உதவாது. பிளான்ஷ் டே பெல் ஃபீய் ஏற்றத்தின் அடியில் வண்டி மாற்றியபோது கொஞ்சம் தடுமாறினார். தலைக்கவசமும் சரியாக உட்காரவில்லை. ஆனால் எதிரணி வீரர் போகாச்சாரிடம் அன்று இழந்தது 1 நிமிடம் 56 விநாடி. வண்டி மாற்றத்தில் போவது சில விநாடிகள்தான். கால் ஓயாமல் அவ்வளவு நேரம் போகாது.

கேள்வி: அப்படியென்றால் 2022-இல் அதே போகாச்சாரை எப்படி வீழ்த்தினார்கள்?

பதில்: இந்த அணியின் வரலாற்றில் ஒரே ஒரு நாளைப் பார்க்க நேரம் இருந்தால் 11-ஆம் கட்டத்தைப் பாருங்கள். மற்ற அணிகள் வழக்கமாக ஒரு தலைவரை இறுதி ஏற்றம்வரை ஒளித்து வைத்துக் கூட்டிப்போகும். இவர்களிடம் ரோக்லிச், யோனாஸ் விங்கெகோர் என்று இரண்டு தலைவர்கள். இறுதி ஏற்றத்துக்கு வெகு முன்பே, காலிபியே மலைப்பக்கம் இருவரும் மாறி மாறித் தாக்கினார்கள். ஒருவர் பாய, போகாச்சார் துரத்திப் பிடிக்க, அவர் மூச்சு வாங்குவதற்குள் மற்றவர் பாய்வார். யாரையும் விட முடியாது என்பதால் ஒவ்வொரு தாக்குதலுக்கும் அவரே பதில் சொன்னார். அப்படி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது உடலின் சர்க்கரைச் சேமிப்பு சீக்கிரம் கரையும். 2,413 மீட்டர் உயரமுள்ள கிரானோன் ஏற்றத்தில் விங்கெகோர் கிளம்பியபோது போகாச்சாரிடம் எதுவும் மிச்சமில்லை. அன்று அவர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி.

அந்த டூர் அதற்கு முன்பே கை நழுவியிருக்கும். 5-ஆம் கட்டத்துக் கல் பாவிய சாலையில் விங்கெகோரின் வண்டி பழுதானது. அந்தக் குறுகிய வழியில் அணிக் கார் முன்னே வர முடியாது. சக வீரரின் வண்டிதான் கதி. முதலில் கிடைத்தது நாத்தான் வான் ஹூய்டோங்கின் வண்டி. அவர் விங்கெகோரைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரம். இருக்கையில் உட்கார்ந்தால் கால் பெடலை ஒழுங்காக எட்டவில்லை. அடுத்து ஸ்டீவன் கிரைஸ்வைக்கின் வண்டி, பிறகுதான் காரிலிருந்து தன் உதிரி வண்டி. அதன்பின் வௌட் வான் ஆர்ட் முன்னே நின்று இழுத்ததால் இழப்பு போகாச்சாரிடம் 13 விநாடியோடு நின்றது. கல் சாலையில் தலைவரின் அளவுக்கு நெருங்கிய வண்டி வைத்திருப்பவரை அவர் அருகிலேயே ஓட்டச் சொல்ல வேண்டும். பலசாலி மட்டும் பக்கத்தில் இருந்தால் போதாது.

இன்னொன்றும் இங்கே சொல்லலாம். நாத்தானின் தந்தையின் சகோதரர் எட்விக் வான் ஹூய்டோங்க் 1989-இலும் 1991-இலும் பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் வென்றவர். முதல் முறை சூப்பர்கான்ஃபெக்ஸ், இரண்டாம் முறை பக்லர். இதே அணிதான்.

கேள்வி: ஒரே ஆண்டில் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற அணி வேறு உண்டா?

பதில்: இல்லை. 2023-இல் இத்தாலியின் ஜிரோவை ரோக்லிச்சும், டூரை விங்கெகோரும், ஸ்பெயினின் வுவெல்டாவை செப் கஸ்ஸும் வென்றார்கள். கஸ் வழக்கமாக மற்ற இருவருக்காக மலையில் இழுப்பவர்.

கேள்வி: இன்று ஓடும் அணிகளில் இதுதான் மிகப் பழையதா?

பதில்: இல்லை. ஸ்பெயினின் மோவிஸ்டார் 1980-இல் ரெனால்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. இடையில் பனெஸ்டோ என்ற பெயரில்தான் மிகேல் இந்துராய்ன் ஐந்து டூர்களை வென்றார்.