திரை விழாத கூடங்கள் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மேலை இசையரங்கம் பற்றிய தங்கள் கட்டுரையில், ஈராக் போரை வைத்து எழுதப்பட்ட ‘ஃபலூஜா’ என்ற ஓபரா (பாடியே நடிக்கும் மேலை நாடகம்) முதன்முதலில் அமெரிக்கத் தேசியக் காவல் படையின் கட்டடம் ஒன்றில் அரங்கேறியது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இரண்டு ஐயங்கள். வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துச் சலித்துப்போன வசதியானவர்களுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதானே இப்படிப் படைக் கட்டடத்துக்கும் பழைய ஆலைக்கும் நாடகத்தைக் கொண்டுபோகிறார்கள்? எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்தின் பதினெட்டாம் போர் வெட்டவெளியில்தான் நடக்கிறது; மண்ணால் செய்த துரியோதனன் உருவமே அங்கு மேடை. அதை யாரும் புதுமை என்று கொண்டாடுவதில்லை.

இரண்டாவது ஐயம் இன்னும் அடிப்படையானது. என் மாமா ஒருவர் ராணுவத்தில் இருந்தவர். 1971இல் கிழக்கு எல்லையில் இருந்தேன் என்பதற்கு மேல் அவர் கடைசிவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. பேசவே முடியாத ஒருவனை, ஆண்டுக்கணக்கில் பயின்ற குரலில் மேடையில் பாட வைப்பது பொய்யில்லையா?

ஆர்., ஆரணி

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்கு ஒரு விடை கிடைத்தால்தான் முதலாவதைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

‘ஃபலூஜா’வின் கதையே உங்கள் மாமாவின் மௌனத்தைப் போன்ற ஒரு மௌனத்தைப் பற்றியதுதான். 2004இல் ஃபலூஜா நகரில் நடந்த சண்டையில் இயந்திரத் துப்பாக்கி வீரராக இருந்த கிறிஸ்டியன் எல்லிஸ் என்ற அமெரிக்க மரீன் படைவீரரின் அனுபவங்களிலிருந்து அது உருவாயிற்று. எல்லிஸ் பாட்டில் பயிற்சி உள்ளவர் என்பது தற்செயலான செய்தி என்றாலும் இங்கே பொருத்தமானது. ஈராக்கியத் தந்தைக்குப் பிறந்த அமெரிக்க நாடகாசிரியர் ஹெதர் ராஃபோ பாடற்பிரதியை எழுத, டோபின் ஸ்டோக்ஸ் இசையமைத்தார். கதை என்று பார்த்தால் மிகச் சிறியது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிலிப் என்ற இளைஞன், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் 72 மணி நேரக் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருக்கிறான். அவனை எடுத்து வளர்த்த தாய் அறைக்கு வெளியே காத்திருக்கிறாள். அவன் அவளைப் பார்க்க மறுக்கிறான். இதற்கிடையே நாடகம் ஃபலூஜாவுக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. அங்கே ஷதா என்ற இன்னொரு தாய் தன் மகன் விஸாமுடன் போருக்கு நடுவில் இருக்கிறாள்.

இதில் பிலிப் யாரிடமும் மனம்திறந்து உரையாற்றுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஓபராவில் பாடுவது பேசுவதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்வதால்தான் உங்கள் ஐயம் எழுகிறது. மேடையில் ஒருவன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பான். இரண்டடி தள்ளி நிற்பவளுக்கு அதில் ஒரு சொல்லும் கேட்டிராது. பார்வையாளர்களான நமக்கு மட்டுமே கேட்கும். இந்த வழக்கம் அந்தக் கலையில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உண்டு. நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு மனநிலைகளைப் பாட, ஒருவர் மற்றவரை அறியாமலே அவை ஒரே இசையாகப் பின்னிக்கொள்வதும் அப்படித்தான். நாவலில் இதைச் செய்ய முடியாது, ஏனெனில் அங்கே ஒரு வரிக்குப் பிறகுதான் இன்னொரு வரி வர முடியும். பேச்சு நாடகத்தில் நான்கு பேர் ஒன்றாகப் பேசினால் கூச்சல்தான் மிஞ்சும். பேசாத மனிதனின் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் காட்ட, அவனைப் பேச வைக்காமலே காட்ட, ஓபராவை விடத் தோதான வடிவம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. (நம்மில் பலர் இதை ‘இசைநாடகம்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் ஏற்கெனவே வேறொரு மரபு சொந்தம் என்பதால் நான் ஓபரா என்றே எழுதுகிறேன்.)

அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டி. லிட்டிலின் ‘சோல்ஜர் சாங்ஸ்’ உங்கள் கேள்வியை இன்னொரு வழியில் எதிர்கொள்கிறது. 2006இல் பிட்ஸ்பர்க்கில் முதலில் நிகழ்த்தப்பட்ட அந்தப் படைப்பில் ஒரே ஒரு பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகரும் ஏழு இசைக்கலைஞர்களும் மட்டுமே உண்டு. ஐந்து போர்களில் பங்கேற்ற வீரர்களிடம் லிட்டில் நேர்காணல் எடுத்து, அந்த ஒலிப்பதிவுகளையே இசைக்குள் வைத்தார். பேச முடிந்தவர்கள் தங்கள் சொந்தக் குரலில், திக்கியும் தயங்கியும், பேசுகிறார்கள்; பயிற்சி பெற்ற குரல் அவர்களைப் போல நடிக்காமல் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. குழந்தை, போர்வீரன், முதியவன் என்று மூன்று பகுதிகள். பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடும் பருவம் தொடங்கி மகனை இழக்கும் பருவம் வரை. பெருந்தொற்றுக் காலத்தில் ஓபரா ஃபிலடெல்ஃபியா நிறுவனம் இதைப் பென்சில்வேனியாவின் திறந்த வெளியில் படமாக்கி, 2021இல் வெளியிட்டது. அரங்குகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த ஏற்பாடுதான் அது. இருந்தாலும், நண்பர்களிடமிருந்து விலகி ஒரு டிரெய்லர் வண்டி வீட்டில் தனியாக வாழும் முன்னாள் வீரனுக்கு அந்த வெளி பொருந்திவிட்டது.

இனி, இடத்தைப் பற்றி. இங்கே நான் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பெர்ன்ட் அலோய்ஸ் ஸிம்மர்மன் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையில் கட்டாயச் சேவை செய்து, 1942இல் நோயுற்று விடுவிக்கப்பட்டவர். அவர் எழுதிய ஒரே ஓபரா ‘டி ஸோல்டாட்டன்’, அதாவது ‘படைவீரர்கள்’. 1965இல் கொலோன் நகரில் அரங்கேறியது. மூலக் கதை 1776இல் வெளிவந்த ஒரு நாடகம். ஊரில் தங்கியிருக்கும் படை அதிகாரிகள் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணைப் படிப்படியாகச் சீரழிக்கிறார்கள் என்பதே அது. வீரனின் காயத்தைப் பாடும் நாடகம் என்று இதைச் சொல்ல முடியாது. வீரர்களால் பிறருக்கு நேர்ந்த காயத்தைப் பாடுகிறது. ஆனால் நம் பேச்சுக்கு வேண்டியது அதன் கட்டமைப்பு. நேற்று, இன்று, நாளை ஆகியவை வரிசையில் நிற்பவை என்பதை ஸிம்மர்மன் ஏற்கவில்லை. காலம் ஒரு கோளம், அதன் எல்லாப் புள்ளிகளும் நடுவில் நிற்பவனுக்கு ஒரே தொலைவு என்று அவர் எண்ணினார். அதனால் இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், அந்தப் பெண் மரி தன்னை மயக்கும் அதிகாரியோடு இருக்கும்போதே, வேறொரு ஊரில் அவளை விரும்பும் ஸ்டோல்ஸியஸ் தன் தாயிடம் வசை வாங்கிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் மரியின் பாட்டி அவளுக்கு வரப்போவதை அறிந்தவள்போல ஒரு நாட்டுப்பாடலைப் பாடுகிறாள். மூன்றும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. பார்வையாளர்கள் சுழலும் நாற்காலிகளில் நடுவில் அமர, சுற்றிலும் பன்னிரண்டு மேடைகள் இருக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் கற்பனை. கொலோன் ஓபரா நிறுவனம் அதை ஏற்கவில்லை. அவர் பிரதியைச் சுருக்கி எழுத வேண்டியிருந்தது.

திரைச்சீலையும் படச்சட்டம் போன்ற முகப்பும் கொண்ட மேடை, ஒரு காட்சி முடிந்த பிறகே அடுத்தது என்ற ஒழுங்கை நம்பிக் கட்டப்பட்டது. மனவடுப்பட்ட வீரனின் நினைவுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதே அவன் ஃபலூஜாவின் ஒரு வீட்டுக்குள்ளும் நிற்கிறான். ‘அப்போது’ என்று நாம் சொல்வது அவனுக்கு இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. ஸிம்மர்மன் தத்துவமாகச் சொன்னதை அவன் நோயாக அனுபவிக்கிறான். ஆகவே இவ்வகை ஓபராக்கள் அரங்கை விட்டு வெளியேறுவதற்குச் சலிப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. இரண்டு இடங்களையும் இரண்டு காலங்களையும் திரை விழாமல் ஒன்றாக வைத்துக் காட்ட, நீளமும் அகலமும் உள்ள, முன்பக்கம் பின்பக்கம் என்று தீர்மானிக்கப்படாத ஒரு வெற்றுக் கூடம் வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட கூடம்தான் ஆர்மரி. இதை ஆயுதக் கிடங்கு என்று மொழிபெயர்த்தால் துப்பாக்கிகளுக்கு நடுவே பாடுகிறார்கள் என்ற படம் மனதில் வந்துவிடும். அமெரிக்க நகரங்களில் உள்ள ஆர்மரி என்பது உள்ளூர்ப் படைப்பிரிவு கூடுவதற்கும், உடைமைகளை வைப்பதற்கும், மழையிலும் பனியிலும் அணிவகுப்புப் பயிற்சி செய்வதற்கும் கட்டப்பட்டது. நடுவில் தூணே இல்லாத பெரிய கூடம்தான் அதன் உயிர்ப்பகுதி. கலிஃபோர்னியாவின் லாங் பீச் ஓபரா நிறுவனம் 2016 மார்ச்சில் ‘ஃபலூஜா’வை அரங்கேற்றியது தன் ஊரின் ஆர்மரியில். நியூயார்க்கின் பார்க் அவென்யூ ஆர்மரி 1880இல் திறக்கப்பட்டது; அதன் பயிற்சிக் கூடம் 55,000 சதுர அடி. உங்கள் வெல்வெட் நாற்காலிக்கு அங்கேயும் ஒரு சாட்சி உண்டு. அது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த படைப்பிரிவின் கட்டடம். முன்பகுதி அறைகளை அலங்கரித்தவர்களில் வண்ணக் கண்ணாடி வேலைக்குப் பேர்போன லூயி கம்ஃபர்ட் டிஃபனியும் ஒருவர்.

‘டி ஸோல்டாட்டன்’ அங்கே 2008 ஜூலையில் வந்தது. இயக்குநர் டேவிட் பவுன்ட்னி இதை 2006இல் ஜெர்மனியின் போகும் நகரில், பழைய எஃகு ஆலைக்குரிய ஒரு கூடத்தில் உருவாக்கியிருந்தார். குறுகலான, மிக நீண்ட ஒரு மேடை. பார்வையாளர்களின் இருக்கைத் தொகுதி முழுவதும் தண்டவாளத்தில் ஏற்றப்பட்டு, பாடுபவர்களை நெருங்கியும் விலகியும் மேடையோரமாக நகர்ந்தது. ஸிம்மர்மன் நாற்காலியைச் சுழற்ற நினைத்தார், பவுன்ட்னி அரங்கையே உருட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் வேண்டிய படைப்பு அது. இறுதியில் பிச்சையெடுக்கும் மரியை அவள் தந்தையே அடையாளம் காணாமல் போக, இருட்டில் ஒலிப்பதிவிலிருந்து அணிவகுக்கும் காலடிகள் எழுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உண்மையான காலடிகள் மிதித்த தரையில் அந்தப் பதிவு ஒலிப்பதை நினைத்துப் பாருங்கள். இடம் இசைக்கு எதையோ சேர்க்கிறது என்று நான் சொல்வது இந்த மாதிரித் தருணங்களைத்தான்.

இதற்கு விலையும் உண்டு. பயிற்சிக் கூடம் கட்டளைகளுக்காகக் கட்டப்பட்டது, பாட்டுக்காகக் கட்டப்பட்டதில்லை. அவ்வளவு உயரமான கூரையின் கீழ் ஒலி தங்கித் தங்கிச் சுழலும், மெய்யெழுத்துகள் கரைந்துபோகும், பாடகருக்கு இசைக்குழு நடத்துநரின் கை நேராகத் தெரியாது, அதைக் காட்டும் காணொளித் திரைகளை நம்ப வேண்டியிருக்கும். சொல்லே உயிரான படைப்புக்கு இது சிறிய இழப்பில்லை. உங்கள் முதல் ஐயத்தில் உள்ள உண்மையையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். கட்டடம் படைக்குச் சொந்தமானது என்பதாலேயே உள்ளே நடப்பது மெய்யாகிவிடும் என்று நம்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த நம்பிக்கையில் செய்யப்படும் தயாரிப்பு, போர்ச் சுற்றுலா என்பதற்கு மேல் எதுவும் ஆகாது. இங்கிலாந்தின் ஓபரா நார்த் நிறுவனம் 2018இல் முதல் உலகப் போர் பற்றிய ‘சைலன்ட் நைட்’டை லீட்ஸ் நகர மன்றத்தில் நிகழ்த்தியதைப் போல, படையோடு நேரடித் தொடர்பில்லாத ஊர்ப் பொதுக் கட்டடத்தைத் தேர்வதே சில நேரம் நேர்மையானது என்று எனக்குப் படுகிறது.

யார் கட்டடம் என்பதைவிட யார் பணம் என்ற கேள்வியே என்னை அதிகம் உறுத்துகிறது. ட்ரோன் இயக்கும் பெண் விமானியைப் பற்றிய ‘கிரவுண்டட்’ 2023இல் வாஷிங்டனில் வழக்கமான ஓபரா அரங்கில்தான் அரங்கேறியது; ஆனால் அந்த நிகழ்ச்சிப் பருவத்தின் புரவலர் ஜெனரல் டைனமிக்ஸ் என்ற ஆயுத உற்பத்தி நிறுவனம். எதிர்ப்பு எழுந்தபோது, படைப்பின் உள்ளடக்கத்தில் புரவலருக்குப் பங்கில்லை என்று விளக்கம் தந்தார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். 2018இல் வந்த ‘த ஃபாலிங் அண்ட் த ரைஸிங்’ ஓபராவை உருவாக்கச் சொன்னவர்களில் அமெரிக்க ராணுவத்தின் இசைப்பிரிவே ஒன்று. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காயமுற்ற வீரர்களிடம் எடுத்த நேர்காணல்கள் அதற்கு அடிப்படை. வீரர்களின் அனுபவங்கள் அதில் வருகின்றன. போருக்கு அனுப்பியவர்களைப் பற்றிய கேள்வி மட்டும் அங்கே எழ வழியில்லை. ‘ஃபலூஜா’வில் ஷதாவும் விஸாமும் இருக்கிறார்கள், அராபியச் சொற்கள் ஒலிக்கின்றன. அமெரிக்கப் படைக் கட்டடம் ஒன்றுக்குள் ஓர் ஈராக்கியத் தாய் நின்று பாடினாள் என்பதற்காகவே அந்த ஆர்மரித் தேர்வை நான் சரியென்று கருதுகிறேன். நான் அதைப் பதிவாகத்தான் பார்த்தேன். கூடத்தில் அமர்ந்து கேட்டவர்களின் அனுபவம் வேறாக இருந்திருக்கும்.

நீங்கள் சொன்ன பதினெட்டாம் போரில் மண் உருவம் வனையப்பட்டு, சடங்கால் அந்த நிலம் படுகளமாக ஆகிறது. விழா முடிந்தபின் அது மீண்டும் வெறும் நிலம். பார்க்கிறவர்கள் ஊர்க்காரர்கள், அவர்களுக்குக் கதை தெரியும். கூத்து எந்த அரங்கையும் விட்டு வெளியே வந்ததில்லை, அதனால் அதற்கு இந்தச் சங்கடங்களும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

கேட்டுப் பார்க்க விரும்பினால் ‘சோல்ஜர் சாங்ஸ்’ஸிலிருந்து தொடங்குங்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஸிம்மர்மனை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அங்கத்தின் அந்தக் காட்சியை முதல் முறை படம் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். மூன்று இடங்களில் எது எங்கே என்று குழம்பும், குழம்பட்டும்.