குட்டித் தோட்டாவுக்கு எத்தனை அங்குலக் குழல்?

பிஸ்டல், ரிவால்வர் தோட்டாக்களைச் சுடும் ரைபிள்களுக்கு அமெரிக்காவில் வயது அதிகம். 1873 வின்செஸ்டரே அந்த ரகம்தான். அங்கே அவற்றை வாங்க நினைப்பவர்கள் குழல் நீளம் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: 9 எம்எம் கார்பைன் (குட்டை ரைபிள்) வாங்கப் போகிறேன் சார். குழல் நீள நீள வேகம் கூடும்தானே? 16 அங்குலமா, 18 அங்குலமா?

கூடும், ஆனால் ஓரளவுக்குத்தான். 9 எம்எம் தோட்டாவுக்குள் இருப்பது கொஞ்சம் வெடிமருந்து, அதுவும் சட்டென்று எரிகிற ரகம். 115 கிரெயின் எடையுள்ள குண்டு 4 அங்குல பிஸ்டலிலிருந்து வினாடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்தில் போகும். 16 அங்குலக் குழலில் சுமார் 1,350 அடி. இந்தக் கூடுதலில் பெரும்பகுதி முதல் 10 அங்குலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் உள்ள நீளத்தால் கிடைப்பது சொற்பம். 18 வேண்டாம், எடைதான் கூடும்.

கேள்வி: 10 அங்குலமே போதுமென்றால், கடையில் ஏன் எல்லாமே 16?

சட்டம்தான் காரணம். 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைபிளைப் பதிவு செய்தாக வேண்டும். அதோடு கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து இல்லை. பதிவு அப்படியே இருக்கிறது. சில மாநிலங்களில் பதிவு செய்தாலும் அனுமதி கிடையாது. அளக்கும்போது போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) மூடி, குழல் வாய் வழியாக ஒரு குச்சியை முட்டும்வரை விட்டு அளக்க வேண்டும். தோட்டா உட்காரும் அறையும் அந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: .357 மேக்னம் லீவர் ரைபிளுக்கும் (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) இதே கணக்கா?

இல்லவே இல்லை. ஒரே விதியை எல்லாத் தோட்டாவுக்கும் போடுவதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. மேக்னம் தோட்டாவில் மருந்தும் அதிகம், அது எரியும் நேரமும் அதிகம். ரிவால்வரில் சுடும்போது வாய்ப்பக்கம் பெரிய தீப்பிழம்பு தெரியும். குழலுக்குள் வேலை செய்ய வேண்டிய மருந்து வெளியே எரிகிறது. தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலும் வாயு கசியும். 158 கிரெயின் குண்டு 4 அங்குல ரிவால்வரில் சுமார் 1,250 அடி என்றால், 18 அங்குல ரைபிளில் 1,800 அடியை நெருங்கும். ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! .44 மேக்னமும் இப்படித்தான்.

இங்கே 18, 20 அங்குலம் தாராளமாக எடுக்கலாம். குழலுக்குக் கீழே தோட்டாக்குழாய் இருப்பதால், நீளம் குறைந்தால் கொள்ளளவும் குறையும். ஹென்றி பிக் பாய் என்ற லீவர் ரைபிள் 20 அங்குலத்தில் 10 தோட்டா பிடிக்கும், 16.5 அங்குலத்தில் 7 தான். புதர்க்காட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர் என்றால் 16.5 கைக்கு அடக்கம், அதை எடுங்கள்.

கேள்வி: சைலன்சர் போட்டுச் சுட விருப்பம். குட்டைக் குழல் நல்லதா?

ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,125 அடி. குண்டு அதைத் தாண்டினால் 'பட்'டென்று ஒரு வெடிச்சத்தம் வரும். அதைச் சைலன்சரால் அடக்க முடியாது. .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் 230 கிரெயின் குண்டு 16 அங்குலக் குழலிலும் பொதுவாக அந்த எல்லைக்குள்தான் நிற்கும். 9 எம்எம்-இல் 147 கிரெயின் சப்சானிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) தோட்டா வாங்குங்கள். மொத்த நீளம் குறையும் என்பதற்காக வேண்டுமானால் குட்டைக் குழல்.

கேள்வி: பிஸ்டலுக்கு வைத்திருக்கும் ஹாலோ பாயிண்டையே (முனையில் குழியுள்ள குண்டு) இதிலும் போடலாமா?

சுடும், பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் குண்டு பிஸ்டல் வேகத்தில் விரியும்படி செய்யப்பட்டது. கூடுதல் வேகத்தில் சீக்கிரமே விரிந்து, சில சமயம் உடைந்து, ஆழம் போகாமல் நின்றுவிடலாம். மேக்னம் ரைபிளில் வேட்டைக்கு என்றால் கெட்டியான முனையுள்ள கனத்த குண்டைத் தேர்ந்தெடுங்கள்.