வேன் வந்த பிறகு

கேள்வி: வயது 58. கணவர் காலமாகிவிட்டார், மகன் வீட்டில் இருக்கிறேன். மனச்சோர்வு என்று டாக்டர் இரண்டு மாதமாக மாத்திரை தருகிறார். உடற்பயிற்சியே போதும் என்கிறார்கள் சிலர். நாள் முழுக்க வீட்டுவேலை செய்கிறேனே, அது கணக்கில் வராதா? பேரனைக்கூட முன்பு நடத்திக் கொண்டுபோய்ப் பள்ளியில் விடுவேன், ஜூனிலிருந்து வேன் வைத்துவிட்டார்கள். மாத்திரையை விட்டுவிட்டு நடக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வேன் விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. காலை வெயில், நடை, மணியடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய கட்டாயம், பேரனின் பேச்சு எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயிருக்கின்றன. அம்மா சிரமப்பட வேண்டாம் என்று மகன் நினைத்திருப்பார். நடமாடுகிற தாயை உட்கார வைப்பது பிள்ளையின் கடமை ஆகாது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லாதது உங்கள் தவறு.

வீட்டுவேலை போதாது. பாத்திரம் துலக்குவதும் துணி மடிப்பதும் விட்டுவிட்டுச் செய்வது. இதயத்துடிப்பு ஏறி நிலைத்து நிற்பதில்லை. தொடர்ந்து வேகமாக நடந்தால் நரம்பணுக்கள் கிளைவிட உதவும் பி.டி.என்.எஃப் புரதம் கூடும். நாள்பட்ட மனச்சோர்வில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்குவதுண்டு. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் என்று ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு அது சுமார் 2 சதவிகிதம் வளர்ந்திருந்தது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுள்ள 156 பேரிடம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், 16 வாரம் கழித்துப் பயிற்சியும் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆனால் முதல் சில வாரங்களில் முந்தியது மாத்திரைதான். திடீரென விட்டால் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம். குறைப்பதை டாக்டர் சொல்லட்டும்.

காலையில் பேரனை மறுபடி நீங்களே நடத்திக் கொண்டுபோய் விடுங்கள். போகும்போது பேரன் வேகத்தில் நடங்கள். உடம்பு சூடேற அது போதும். திரும்பும்போது வேகம் கூட்டுங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் வழியைச் சுற்றுவழியாக்கி, மொத்தம் 30 நிமிடம் ஆக்குங்கள். ஐந்து பள்ளி நாளில் 150 நிமிடம் ஆகிவிடும். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, மறுநாள் முழங்கால் வலியோடு படுத்து, அத்தோடு விட்டவர்கள்தான் அதிகம். மனசு வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். இந்த நோயில் கால் நடந்த பிறகுதான் மனசு வரும்.

சாகத் தோன்றினால் அன்றே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள், மகனிடமும் சொல்லுங்கள்.

வேனுக்கு இந்த மாதப் பணம் கட்டியாகிவிட்டதென்றால், மாலைக்கு மட்டும் வரட்டும். காலையில் பேரன் உங்களோடு வரட்டும்.