முன்னுக்கு லோடர் (மண் அள்ளுற பக்கெட்டுக் கை) பூட்டின சின்ன டிரக்டர் புதுசா எடுத்திருக்கிறன், எப்பிடிப் பழகுறது?

முதல்ல வெறும் பக்கெட்டோட வெட்டைக் காணியில ஓடிப் பழகுங்கோ, லீவரை எவ்வளவு தட்டினா எவ்வளவு உயருது எண்டு கைக்குப் பிடிபடோணும். அதைவிட முக்கியம் பின்பாரம். முன்னுக்கு மண் அள்ளித் தூக்கினா பாரம் முழுக்க முன் அச்சுக்குப் போய் பின்சில்லு இலேசாயிடும், கனக்கச் சின்ன மிசினுகளில பிரேக் பின்சில்லுக்குத்தான் எண்டபடியா நிப்பாட்டவும் கஷ்டம், அதால பின்னுக்கு மண் கிளறுற ரொட்டவேட்டரோ பாரம் நிரப்பின பெட்டியோ கட்டாயம் பூட்டுங்கோ. நாலு சில்லு இழுவையையும் போட்டா இறக்கத்தில முன்சில்லும் சேர்ந்து பிடிக்கும்.

பாரத்தோட ஓடேக்க பக்கெட் நிலத்துக்குக் கிட்டவே இருக்கட்டும், உயத்திக்கொண்டு திரும்பினா மிசின் பிரண்டிடும், பிறகு எங்கட ஒழுங்கையளில வயர் வேற பதிவாத் தொங்கும்.

இன்னொண்டு, யாழ்ப்பாணத்தில வலிகாமம் பக்கம் செம்மண்ணுக்குக் கீழ கனக்க ஆழமில்லாமலே சுண்ணாம்புக்கல் வந்திடும். பக்கெட் வாயைக் கீழ குத்திக்கொண்டு வேகமாப் பாயாதேங்கோ, பக்கெட்டைச் சாய்க்கிற சிலிண்டர் தண்டு வளைஞ்சிடும். எருக்கும்பியெண்டா பக்கெட்டை மட்டமா வச்சு மெதுவா உள்ள விட்டு, நிரம்பினாப்பிறகு சுருட்டி எடுங்கோ. லோடர் மூட்டுகளில இருக்கிற பின்னுகளுக்கு (இரும்பு ஆணியளுக்கு) கிரீஸ் அடிக்க மறக்கவேண்டாம், சில்லு நட்டுகளையும் புதுசில அடிக்கடி இறுக்கிப் பாருங்கோ. இறங்கேக்க பக்கெட்டை நிலத்தில இறக்கிவிட்டிட்டுத்தான் இறங்கோணும், பிள்ளையள் போய் அதுக்குக் கீழ நிக்குங்கள்.